ராம் போட்டப்புறம் சிஸ்டம் டிஸ்ப்ளே வரல்லியா? முதல்ல அது உள்ள என்ன செய்யுதுன்னு பாப்போம்

கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்குன்னு ஒரு 8 ஜிபி ராம் (சிஸ்டம் ஓடும்போது டேட்டாவைத் தற்காலிகமா வச்சுக்குற மெமரி) வாங்கிட்டு வந்து, கேபினெட்டைத் தொறந்து, பழைய ராம் பக்கத்துல புதுசையும் சொருகி, பவர் பட்டனை அமுக்குறோம். ஃபேன் சுத்துது, லைட் எரியுது, கீபோர்டுல கூட ஒரு வெளிச்சம் வந்து போவுது, ஆனா மானிட்டர்ல மட்டும் "நோ சிக்னல்"னு வந்துட்டு கருத்துப் போய் நிக்குது. இந்த எடத்துலதான் நெறைய பேரு "போச்சு, மதர்போர்டு அடிச்சுப் போச்சு"ன்னு முடிவு கட்டி, சிஸ்டத்தை அப்படியே தூக்கிட்டு கடைக்கு ஓடுறாங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரத்துல இருந்தோ கருங்கல்ல இருந்தோ ஒரு சிபியூவைத் தூக்கிட்டு பஸ்ல நாகர்கோவில் வர்றது லேசான காரியம் இல்ல. அதனாலதான் இதை இவ்வளவு விரிவா எழுதுறேன். ராம் மாத்துன உடனே இப்படி நின்னா பெரும்பாலும் போர்டு சாவல்ல, ராமைப் பாத்து மிரண்டு நிக்குது, அவ்வளவுதான், அதை வீட்டுலேயே நாமளே சரி பண்ணலாம்.

ஏன் ஸ்க்ரீன்ல ஒரு எரர் மெசேஜ் கூட வரமாட்டேங்குதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும், அது புரிஞ்சா மிச்சம் எல்லாம் தானா புரிஞ்சிடும். பவர் பட்டனை அமுக்குன உடனே எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள்ள இருக்குற பவர் சப்ளை பெட்டி) கரண்டைச் சரியா குடுக்குதான்னு போர்டு பாக்கும், அப்புறம் ப்ராசஸர் முழிக்கும், முழிச்ச உடனே போர்டுல இருக்குற பயாஸ் சிப்புல (சிஸ்டத்தைத் தொடங்கி வைக்குற ப்ரோக்ராம் இருக்குற சிப்பு) எழுதியிருக்கறதை ஒண்ணொண்ணா செய்ய ஆரம்பிக்கும். அந்த நேரத்துல ராம்னு ஒண்ணு அதுக்குக் கெடையாது, கேட்டியளா, ராம் ஸ்லாட்டுல உக்காந்திருக்கும், ஆனா அதை எந்த வேகத்துல ஓட்டணும், எவ்வளவு வோல்டேஜ் குடுக்கணும்னு ப்ராசஸருக்குத் தெரியாது. அதனால தனக்குள்ளயே இருக்குற கேஷ்ங்கற சின்ன மெமரியவே கொஞ்ச நேரம் ராம் மாதிரி வச்சுக்கிட்டு வேலைய நடத்தும். ஒவ்வொரு ராம் ஸ்டிக்லயும் எஸ்பிடின்னு சொல்லுற ரொம்ப சின்ன சிப்பு ஒண்ணு இருக்கு, நான் இத்தனை ஜிபி, இத்தனை வேகம், இந்த டைமிங்னு எல்லா விவரமும் அதுல எழுதியிருக்கும். ப்ராசஸர் அதைப் படிச்சு, அதுக்குத் தக்கபடி செட் பண்ணி, ராம்ல கொஞ்சம் டேட்டாவை எழுதி திருப்பிப் படிச்சுப் பாத்து, சரியா வருதான்னு சோதிக்கும். இதைத்தான் மெமரி ட்ரெயினிங்னு சொல்லுறாங்க.

இது பாஸ் ஆனப்புறம்தான் கிராஃபிக்ஸ் கார்டை எழுப்புறது, மானிட்டர்ல லோகோ காட்டுறது, ஹார்ட் டிஸ்க்கைத் தேடுறது எல்லாம். அப்போ ராம் சோதனையிலயே நின்னுட்டா, "ராம் சரியில்ல"ன்னு ஸ்க்ரீன்ல எழுதிக் காட்டக்கூட அதால முடியாது, ஏன்னா ஸ்க்ரீன் வேலை செய்யுறதுக்கு முன்னாலயே நின்னு போச்சு. விண்டோஸ் கரப்ட் ஆயிட்டுன்னு நெனச்சு ஃபார்மேட் பண்ணக் கெளம்பாதீங்க, விண்டோஸ் பக்கம் அது இன்னும் எட்டிக்கூடப் பாக்கல்ல. உங்க ஃபோட்டோ, டாகுமெண்ட் எல்லாம் டிஸ்க்ல பத்திரமா கெடக்கு.

அடுத்து முக்கியமான விஷயம், பொறுமை. ராம்ல டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5னு தலைமுறை உண்டு. பழைய டிடிஆர்3 சிஸ்டத்துல இந்த ட்ரெயினிங் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிடும். டிடிஆர்4ல சில போர்டு ஒரு தடவை, ரெண்டு தடவை தானா ஆஃப் ஆகி ஆன் ஆகும், அது வேற வேற செட்டிங்ல முயற்சி பண்ணிப் பாக்குது. டிடிஆர்5 இருக்கே, அது ராம் மாத்துன பிறகு முதல் தடவை ஆன் ஆகுறதுக்கு நிமிஷக் கணக்குல எடுத்துக்கும், அதுவும் பெரிய ஸ்டிக்கா நாலு போட்டா இன்னும் கூடுதல், அத்தனை நேரமும் ஸ்க்ரீன் கருப்பாத்தான் இருக்கும். நாம என்ன செய்யுறோம்னா அரை நிமிஷம் பாத்துட்டு, வரல்லன்னு பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணி, திரும்ப ஆன் பண்ணி, அது திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சு, திரும்ப நாம ஆஃப் பண்ணி, இப்படியே போய்க்கிட்டு இருக்கும். டிடிஆர்5 போட்டிருந்தா ஒரு கால் மணி நேரம் அதைத் தொடாம விடுங்க, எழுந்து போய் ஒரு சாயா குடிச்சுட்டு வாங்க. நடுவுல கரண்ட் போவாம இருக்கணும், ஆடி மாச சாரல் நேரத்துலயும் ஐப்பசி இடிமழை நேரத்துலயும் நம்ம ஊர் கரண்டை நம்பி இந்த வேலைய ஆரம்பிக்க வேண்டாம், யூபிஎஸ் இருந்தா அதுல போட்டுக்கிடுங்க.

ஸ்க்ரீன்ல சொல்ல முடியல்லன்னாலும் போர்டு வேற வழியில சொல்லப் பாக்கும். கொஞ்சம் புதுசான போர்டா இருந்தா ஓரத்துல நாலு குட்டி லைட் இருக்கும், சிபியூ (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் தொடங்குறது)னு பக்கத்துல பொடி எழுத்துல எழுதியிருக்கும், டிராம் லைட் அணையாம எரிஞ்சா ராம்ல நிக்குதுன்னு அர்த்தம். பழைய போர்டுன்னா பீப் சத்தம் வரும், நீளமா விட்டு விட்டு கத்திக்கிட்டே இருந்தா பெரும்பாலும் ராம்தான், ஆனா அந்தச் சத்தம் வர போர்டுல ஒரு குட்டி ஸ்பீக்கர் மாட்டியிருக்கணும், இப்போ வர்ற கேபினெட்ல அது இருக்குறதே இல்ல. எலக்ட்ரானிக்ஸ் கடையில கேட்டா ரொம்ப சின்ன விலைக்குக் கெடைக்கும், ஒண்ணு வாங்கி மாட்டி வச்சுக்கிடுங்க. ஆபீஸ்கள்ல இருந்து கழிச்சு செகண்ட் ஹேண்ட்ல வர்ற டெல் ஆப்டிபிளெக்ஸ் நம்ம பக்கம் நெறைய பேர் வச்சிருக்காங்க, அதுல கொஞ்சம் புது மாடல்ல பவர் பட்டன் லைட்டே மின்னிச் சொல்லும், ஆரஞ்சு கலர்ல 2 தடவை, வெள்ளையில 3 தடவை மின்னினா ராமே தெரியல்லன்னு அர்த்தம், 2க்கு அப்புறம் 4ன்னா ராம் பழுது, 2க்கு அப்புறம் 5ன்னா அந்த மெஷினுக்கு ஒத்துவராத ராம். மின்னுறதை ஃபோன்ல வீடியோ எடுத்து வச்சு எண்ணிப் பாத்தா தப்பு வராது.

சரி, இப்போ கையில வேலை. எல்லாத்துக்கும் முன்னால ஒரே ஒரு விதி, அதை மட்டும் விட்டுடாதீங்க: கடைசியா ஓடிக்கிட்டு இருந்த நெலமைக்கு சிஸ்டத்தைத் திருப்பிக் கொண்டுபோங்க, அங்க இருந்து ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்துங்க. புது ராமைக் கழட்டுங்க, பழைய ராமை அது எந்த ஸ்லாட்டுல இருந்துச்சோ அதே ஸ்லாட்டுல போடுங்க, ஆன் பண்ணுங்க. டிஸ்ப்ளே வந்துச்சுன்னா உங்க போர்டு, ப்ராசஸர், எஸ்எம்பிஎஸ் எல்லாம் நல்லா இருக்கு, பிரச்சனை புது ராம்லயோ அதை வச்ச விதத்துலயோதான்னு தெளிவாயிடும். வரல்லன்னா பழைய ராம் முழுசா எறங்கியிருக்கா, அதோட காண்டாக்ட் சுத்தமா இருக்கான்னு பாத்துட்டு, அப்புறம் வேற எடத்துல பாக்கணும். இந்த ஒரு சோதனைல பாதி குழப்பம் தீந்துடும். ஆனா ஆளுங்க இதைச் செய்யுறதே இல்ல, ராமையும் மாத்தி, ஸ்லாட்டையும் மாத்தி, பயாஸையும் ரீசெட் பண்ணி, கேபிளையும் புடுங்கி எல்லாத்தையும் ஒரே மூச்சுல செஞ்சா, சரியானாலும் எதனால சரியாச்சுன்னு தெரியாது, ஆகல்லன்னா எங்க கெட்டுதுன்னும் தெரியாது.

ராமைத் தொடுறதுக்கு முன்னால ப்ளக்கை சுவத்துல இருந்து கழட்டுங்க, சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணா போதாது. கழட்டிட்டு பவர் பட்டனை ஒரு பத்து செகண்ட் அமுக்கிப் பிடிங்க, உள்ள தேங்கி நிக்குற கரண்ட் வடிஞ்சிடும். ஏன்னா சிஸ்டம் ஆஃப்ல இருந்தாலும் ப்ளக் சொருகியிருந்தா போர்டுல 5 வோல்ட் ஸ்டாண்ட்பை ஓடிக்கிட்டேதான் இருக்கும். அப்புறம் கேபினெட்டோட பெயிண்ட் இல்லாத இரும்பு பாகத்தை ஒருக்கா தொட்டுட்டு வேலைய ஆரம்பிங்க. நம்ம ஊர் ஈரக் காத்துல ஸ்டாட்டிக் கம்மிதான், ஆனாலும் ஒரு செகண்ட் வேலைதானே, செஞ்சுடுங்க.

இப்போ ராமைக் கையில எடுத்து வெளிச்சத்துல பாருங்க. பாதிப் பேர் இதைப் பாக்காமலே சொருகுறாங்க. அடிப்பக்கம் தங்க நிறத்துல வரிசையா பல்லு மாதிரி காண்டாக்ட் இருக்கும், அதுல ஓரிடத்துல மட்டும் ஒரு வெட்டு, அந்த வெட்டு நடு மத்தியில இருக்காது, கொஞ்சம் ஒரு பக்கமா தள்ளியிருக்கும். ஸ்லாட்டுக்குள்ளயும் அதே எடத்துல ஒரு மேடு இருக்கும். ரெண்டும் நேரா வந்தாத்தான் எறங்கும். வெட்டை மேட்டுக்கு நேரா பிடிச்சு, ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு பெருவிரலை வச்சு நேரா கீழ அமுக்குங்க, முதல்ல ஒரு ஓரம் 'டக்'குன்னு எறங்கும், அப்புறம் அடுத்த ஓரம் 'டக்'குங்கும், கிளிப் தானா மேல ஏறி ராமைப் பிடிச்சுக்கும். முதல் தடவை செய்யுறவங்க ஒடஞ்சிடுமோன்னு பயந்து பாதியிலேயே கையை எடுத்துடுறாங்க, ஒரு ஓரம் எறங்கியிருக்கும், அடுத்த ஓரம் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கிட்டு நிக்கும், மேல இருந்து பாத்தா எறங்குன மாதிரியே தெரியும். சில போர்டுல ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் இருக்கும், அசையாத அந்த அடுத்த பக்கம்தான் ஏமாத்தும். குனிஞ்சு பக்கவாட்டுல இருந்து பாருங்க, தங்கப் பல்லு கொஞ்சம் கூட வெளிய தெரியக்கூடாது, ரெண்டு ஓரத்துலயும் ஒரே அளவா இருக்கணும். டிஸ்ப்ளே வரல்லன்னு வர்ற கேஸ்ல இப்படி முழுசா எறங்காத ராம்தான் நெறைய.

எந்த ஸ்லாட்டுங்கறதும் கவனிக்கணும். நாலு ஸ்லாட் இருக்குற போர்டுல ரெண்டு ராம் போட்டா, ப்ராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும்தான் பெரும்பாலும் சரி, போர்டுல ஏ2, பி2ன்னு எழுதியிருக்கும். ஒரே ஒரு ராம்னா ஏ2ல போடுங்க. ஏன் ஒண்ணையும் மூணையும் விட்டுட்டு இதுல போடச் சொல்லுறாங்கன்னா, அந்த வயரிங்கோட கடைசி நுனி அங்கதான் இருக்கு, நுனியில ராம் இல்லாம காலியா கெடந்தா சிக்னல் அங்க போய் முட்டித் திரும்பி வந்து இரைச்சல் உண்டாக்கும், வேகம் கூடக்கூட இது பெரிய தொந்தரவாயிடும். போர்டு மேனுவல் தொலஞ்சு போச்சுன்னா மாடல் நம்பரை வச்சு கம்பெனி சைட்ல இருந்து டவுன்லோட் பண்ணிக்கிடலாம்.

இனி நம்ம மாவட்டத்துக்குன்னே இருக்குற ஒரு பிரச்சனை, உப்புக் காத்து. குளச்சல்ல கடலுக்குப் பக்கத்துல ஸ்டுடியோ வச்சிருக்குற அண்ணன் ஒருத்தர் கூப்பிட்டு, "மக்கா, புது ராம் போட்டேன், டிஸ்ப்ளே வரல்ல, சரின்னு பழசை மட்டும் திருப்பிப் போட்டா இப்போ அதுக்கும் வரல்லடே, நாளைக்கு ஒரு கல்யாண ஆல்பம் குடுக்கணும்"னு சொன்னாரு. போய்ப் பாத்தா பழைய ராமோட தங்கப் பல்லுல ஒரு மங்கல், ஒண்ணு ரெண்டு எடத்துல கருப்பா படலம் புடிச்சிருந்துச்சு. "இவ்வளவு நாளும் ஓடிச்சே?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்விதான். ஒரே எடத்துல அசையாம உக்காந்திருந்த வரைக்கும் ஸ்லாட்டோட கம்பியும் ராமோட பல்லும் இறுகிப் பிடிச்சிருந்த எடத்துல காத்து போவல்ல, அந்த எடம் சுத்தமா இருந்துச்சு, கழட்டி திருப்பி மாட்டும்போது கம்பி கொஞ்சம் தள்ளி படலத்து மேல போய் உக்காந்துட்டு. வெள்ளை ரப்பரால பையத் தேச்சு, ஸ்லாட்டுலயும் ப்ரஷ் போட்டு தூசியை எடுத்துட்டு மாட்டுன உடனே டிஸ்ப்ளே வந்துட்டு, அப்புறம் புது ராமையும் சேத்துப் போட்டோம், ரெண்டும் சேந்து எடுத்துச்சு.

முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரின்னு கடலோரத்துல இருக்குறவங்க இதை முதல் சந்தேகமா வச்சுக்கிடுங்க. சாதா வெள்ளை அழிரப்பர் போதும், பேனா மை அழிக்குற சொரசொரப்பான ரப்பர் வேண்டாம், தங்கப் பூச்சு ரொம்ப மெல்லிசு, அது சொரண்டி எடுத்துடும். நீள வாக்குல தேய்க்காம, மேல இருந்து கீழ, பல்லு போற திசையில தேயுங்க, தேச்ச துகளை சுத்தமா தட்டி விடுங்க, அது ஸ்லாட்டுக்குள்ள விழுந்தா அது வேற வம்பு. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கெடைச்சா பஞ்சு இல்லாத துணியில நனைச்சு துடைச்சு காய விட்டா இன்னும் நல்லது. சானிடைசர், தேங்காண்ணெய், பெட்ரோல் எதையும் தொடாதீங்க. ஸ்லாட்டுக்குள்ள வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் போய் ஒட்டும், ஏற்கெனவே இருக்குற ஈரம் போதும் நமக்கு.

மாட்டுனதும் சுத்தம் பண்ணுனதும் சரியா இருந்தும் புது ராம் எடுக்கல்லன்னா, அந்த ராம் உங்க போர்டுக்கு உள்ளதுதானான்னு பாக்கணும். டிடிஆர்3க்கு 240 காண்டாக்ட், டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் 288, ஆனா அந்த ரெண்டுக்கும் வெட்டு இருக்குற எடம் வேற, வோல்டேஜும் வேற, டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்4 1.2, டிடிஆர்5 1.1. ஒண்ணோட ஸ்லாட்டுல இன்னொண்ணு எறங்கவே எறங்காது, எறங்கல்லன்னு பலமா அமுக்குனா ஸ்லாட் ஒடஞ்சிடும், அப்புறம் போர்டுதான் மாத்தணும். லேப்டாப் ராம் நீளத்துல பாதிதான் இருக்கும், அது டெஸ்க்டாப்ல வராது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுற வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான் காசைத் தின்னும். ஆன்லைன்ல ரொம்ப விலை கம்மியா வர்ற டிடிஆர்3 ராம் சிலதுல ஏஎம்டி போர்டுக்கு மட்டும்னு ஒரு ஓரத்துல எழுதியிருக்கும், இன்டெல் போர்டுல போட்டா அது எடுக்காது. சர்வர்ல இருந்து கழட்டுன ராமும் மலிவா கெடைக்கும், பாக்க அச்சு அசல் அப்படியே இருக்கும், ஸ்லாட்டுலயும் ஜம்முன்னு எறங்கும், ஆனா சாதா டெஸ்க்டாப் போர்டு அதை ஏத்துக்காது. ஸ்டிக்கர்ல பிசி3-12800ன்னு எழுதி கடைசியில யூன்னு இருந்தா சாதா டெஸ்க்டாப் ராம், ஆர்னு இருந்தா சர்வர் ராம், அந்த ஒத்த எழுத்தைப் பாத்து வாங்குங்க. இன்னும் ஜி41ன்னு பழைய இன்டெல் சிப்செட் உள்ள போர்டு ஓடுற டிடிபி சென்டர் எல்லாம் உண்டு, அந்த போர்டு மொத்தமே 8 ஜிபிதான் தாங்கும், அதுல 8 ஜிபி ஒத்த ஸ்டிக் எடுக்காது, 4 ஜிபி ஸ்டிக்கா ரெண்டு போடணும், அந்த 4 ஜிபியும் ரெண்டு பக்கமும் எட்டெட்டா மொத்தம் 16 சிப் இருக்குறதா இருக்கணும். எட்டே எட்டு சிப் உள்ள புது மாதிரி 4 ஜிபிய அந்த போர்டுக்குப் படிக்கத் தெரியாது. எச்61 போர்டுன்னா 16 ஜிபி வரைக்கும் போவும், ஒரு ஸ்லாட்டுக்கு 8. வாங்குறதுக்கு முன்னால போர்டு மாடலை எழுதிக்கிட்டுப் போய், அது எவ்வளவு தாங்கும், எந்த மாதிரி ராம் எடுக்கும்னு பாத்து வாங்குனா இந்த அலைச்சலே இல்ல.

இன்னொரு நெலமை உண்டு. பழைய ராம் தனியா போட்டா ஓடுது, புது ராமும் தனியா போட்டா ஓடுது, ரெண்டும் சேந்தா மட்டும் நிக்குது. ரெண்டும் நல்ல ராம்தான், சேந்து ஓடத்தான் வரல்ல. வள்ளத்துல ரெண்டு பேர் துடுப்பு போட்டா மெதுவா போடுறவன் வேகத்துக்குத்தான் இன்னொருத்தனும் வரணும், அதே மாதிரி 2666 வேகத்து ராமும் 3200 வேகத்து ராமும் சேந்தா ரெண்டும் 2666லதான் ஓடும், அது தப்பில்ல, நல்லாவே ஓடும். பிரச்சனை எங்க வருதுன்னா எக்ஸ்எம்பி ஆன்ல இருக்கும்போது. ராம் டப்பாவுல பெருசா 3600ன்னு போட்டிருக்குறது அது இயல்பா ஓடுற வேகம் இல்ல, எக்ஸ்எம்பின்னு ஒரு செட்டிங்கை பயாஸ்ல ஆன் பண்ணாத்தான் அந்த வேகம் கெடைக்கும், ஏஎம்டியில டிடிஆர்5க்கு எக்ஸ்போன்னு பேரு. பழைய ராமுக்கு எக்ஸ்எம்பி ஆன் பண்ணி வச்சிருந்தா, அதே வேகத்துல புதுசையும் ஓட்ட போர்டு முயற்சி பண்ணும், முடியாம நிக்கும். அதனால ராம் சேக்குறதுக்கு முன்னாலயே பயாஸ் போய் எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணிட்டு சேருங்க. நாலு ஸ்டிக்குன்னா இன்னும் கஷ்டம், ஏன்னா இப்போ ராமைக் கட்டுப்படுத்துற மெமரி கண்ட்ரோலர் ப்ராசஸருக்குள்ளயே இருக்கு, ஏஎம்டி 2003லயும் இன்டெல் 2008லயும் அதை உள்ள கொண்டு போனாங்க, அது ஒரே நேரத்துல எத்தனை ஸ்டிக்கை எந்த வேகத்துல இழுக்கும்னு ஒரு வரம்பு உண்டு. புதுசா வாங்குறவங்களுக்கு நான் சொல்லுறது, முடிஞ்சா ஒரே டப்பாவுல ஜோடியா வர்ற ரெண்டு ஸ்டிக் வாங்குங்க, பழசோட சேத்து ஒட்டுப் போடுறதைவிட அது நிம்மதி.

புது ராம் தனியாவும் எடுக்கல்லன்னா, இல்ல பழசுக்கே திரும்பியும் டிஸ்ப்ளே வரல்லன்னா, அப்போதான் பயாஸ் ரீசெட். போர்டுல ஒத்த ரூபா காசு மாதிரி வட்டமா மின்னுற பேட்டரி இருக்கும், சிஆர்2032னு மேல எழுதியிருக்கும், ப்ளக்கைக் கழட்டிட்டு அந்த பேட்டரியை பைய நெம்பி எடுத்து ஒரு பத்து நிமிஷம் வெளிய வைங்க. இல்லன்னா பயாஸ் செட்டிங்கை அழிக்குறதுக்குன்னே க்ளியர் சிமாஸ்னு ரெண்டு பின் இருக்கும், ப்ளக் கழட்டுன நெலமையிலேயே அதை ஸ்க்ரூடிரைவர் முனையால சில செகண்ட் சேத்துப் பிடிச்சாலும் போதும். பேட்டரி ரொம்ப வருஷம் ஆயிட்டுன்னா புதுசே போட்டுடுங்க, 3 வோல்ட் பேட்டரி, வாட்ச் கடையிலேயே கெடைக்கும். ரீசெட் பண்ணா வேகம், டைமிங் எல்லாத்தையும் போர்டு மறந்துட்டு முதல்ல இருந்து பாக்க ஆரம்பிக்கும்.

கை பட்ட வேற எடங்களையும் பாருங்க. ராம் மாட்டும்போது கேபினெட்டுக்குள்ள கை போய் வரும்போது 24 பின் பவர் கேபிளோ, ப்ராசஸர் பக்கத்துல இருக்குற 4 பின், 8 பின் கேபிளோ லேசா எளகியிருக்கும். கிராஃபிக்ஸ் கார்டு கொஞ்சம் தூக்கியிருக்கும். சிஸ்டத்தைத் திருப்பி மேஜைல வச்சு கேபிள் மாட்டும்போது மானிட்டர் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டுல சொருகாம போர்டுல சொருகியிருப்பாங்க, சிஸ்டம் உள்ள அழகா ஓடிக்கிட்டு இருக்கும், வெளிய நோ சிக்னல். ராம் மாட்ட எடைஞ்சலா இருக்குன்னு ப்ராசஸர் மேல இருக்குற கூலரைக் கழட்டி மாட்டியிருந்தீங்கன்னா அதையும் சந்தேகப்படுங்க, ஒரு பக்கம் மட்டும் இறுகிப்போச்சுன்னா ப்ராசஸர் ஸாக்கெட்டுல சரிஞ்சு உக்காந்து, ஒரு பக்கத்து ராம் ஸ்லாட் மட்டும் வேலை செய்யாது. ஏ பக்கம் ரெண்டும் எடுக்குது, பி பக்கம் ரெண்டும் எடுக்கல்லன்னா அதுதான் அடையாளம். அந்த ஸாக்கெட்டுக்குள்ள பின் வளைஞ்சிருந்தாலும் இப்படித்தான் காட்டும், அதை நாமளா நிமுத்தப் போவாதீங்க, கை பழகுனவங்ககிட்ட குடுத்துடுங்க.

சிலபேருக்கு டிஸ்ப்ளே வந்துடும், ஆனா விண்டோஸ் எடுக்காது, நீல ஸ்க்ரீன் வரும், இல்ல பூட் டிவைஸ் இல்லன்னு காட்டும். பயாஸ் ரீசெட் பண்ணியிருந்தா, அதுல மத்த செட்டிங்கும் மாறினதால இது வரலாம். சாட்டா மோட் (போர்டு டிஸ்க்கோட பேசுற முறை) முன்னால ஏஎச்சிஐல இருந்துச்சா, ரெய்டுல இருந்துச்சா, பூட் மோட் (விண்டோஸைத் தொடங்குற முறை) யூஇஎஃப்ஐயா, லெகஸியான்னு பாத்து முன்னால இருந்த மாதிரி மாத்தி வைங்க, தேதியையும் சரி பண்ணுங்க, தேதி தப்பா இருந்தா வெப்சைட் எதுவும் சரியா தொறக்காது. பயாஸ்ல கை வைக்குறதுக்கு முன்னால ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோன்ல ஃபோட்டோ எடுத்து வச்சா இங்க உதவும். டிஸ்க்ல பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்குற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா ரெகவரி கீ கேக்கவும் வாய்ப்பு இருக்கு, அந்த 48 இலக்க நம்பரை முன்கூட்டியே எழுதி வச்சுட்டு பேட்டரியைக் கழட்டுங்க, கீ இல்லாம மாட்டிக்கிட்டா உள்ள இருக்குற ஃபைலை யாராலயும் எடுத்துத் தர முடியாது.

விண்டோஸ் வந்துட்டா டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் மெமரியைப் பாருங்க, மொத்தம் எத்தனை ஜிபி, எந்த வேகம், எத்தனை ஸ்லாட் பயன்பாட்டுல இருக்குன்னு எல்லாம் அங்க இருக்கும். 16 ஜிபி போட்டு 8தான் காட்டுச்சுன்னா ஒரு ஸ்டிக்கைப் போர்டு கண்டுக்கல்ல, திரும்ப எறக்கிப் பாருங்க. 32 பிட் விண்டோஸ்னா எவ்வளவு போட்டாலும் 4 ஜிபிக்கு மேல பயன்படுத்தாது, அதுக்கு 64 பிட் விண்டோஸ் போடணும். அன்னைக்கு ராத்திரி மெம்டெஸ்ட்86ங்கற ராம் சோதிக்குற சாஃப்ட்வேரை பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணி ஓட விட்டுட்டுப் படுங்க, ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ராமை வச்சிருக்காதீங்க, டிஸ்ப்ளே வந்துச்சேன்னு விட்டா நாளைக்கு ஃபைல் கரப்ட் ஆவும், எதனாலன்னு தெரியாம வருஷக்கணக்குல அலைய வேண்டி வரும். டெஸ்ட் சுத்தமா முடிஞ்சப்புறம் எக்ஸ்எம்பி வேணும்னா ஆன் பண்ணிப் பாருங்க.

இத்தனையும் பாத்தும் புது ராம் எடுக்கல்லன்னா, ஸ்டிக்கரைக் கிழிக்காம பில்லோட வாங்குன கடைக்குக் கொண்டு போங்க, ஸ்டிக்கர் போனா வாரண்டி போச்சு. மொத்த சிபியூவையும் தூக்க வேண்டாம், ராம் ரெண்டையும், போர்டு மாடல் நம்பரோட ஃபோட்டோவையும் கொண்டு போய், எந்த ஸ்லாட்டுல எதைப் போட்டப்போ எந்த லைட் எரிஞ்சுது, பழைய ராம் தனியா எடுக்குதா இல்லியான்னு சொல்லுங்க, கடைக்காரங்க அவங்க போர்டுல அந்த ஸ்டிக்கை ஒருக்கா போட்டுப் பாத்தா அங்கயே தெரிஞ்சிடும். அங்கயும் எடுக்கல்லன்னா ஸ்டிக்கை மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க. அங்க எடுத்து உங்க போர்டுல மட்டும் எடுக்கல்லன்னா, போர்டு கம்பெனி சைட்ல புது பயாஸ் வந்திருக்கான்னு பாத்து, பழைய ராம் மட்டும் மாட்டி அப்டேட் பண்ணிட்டு, ஒரு தடவை கூட முயற்சி பண்ணிப் பாருங்க.